வளைந்த நெகட்டிவைத் தட்டையாக ஸ்கேன் செய்வது எப்படி? பிளாட்பெட் ஸ்கேனருக்கான முழுமையான வழிகாட்டி

ஸ்கேன் செய்த படத்தில் நடுப்பகுதி தெளிவாக இருந்து ஓரம் மங்கினாலோ, ஓரம் தெளிந்து நடு மங்கினாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபிலிமின் வளைவைத்தான். எப்சன் வி600, வி700, வி750, வி800, வி850 என்று புழக்கத்தில் உள்ள பிளாட்பெட் ஸ்கேனர்கள் எதிலும் ஆட்டோஃபோகஸ் கிடையாது. கண்ணாடிக்கு மேலே சில மில்லிமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு தளம்தான் கூர்மையாகப் பதிவாகும். ஃபிலிமின் தடிமன் ஏறக்குறைய 0.13 மி.மீ. மட்டுமே. ஆனால் 120 ஃபிலிம் (மீடியம் ஃபார்மட் கேமராக்களுக்கான, ஏறக்குறைய 6 செ.மீ. அகலச் சுருள்) வளைந்திருந்தால் அதன் நடுப்பகுதி ஓரத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல்கூட எழும்பி நிற்கும். ஒரே சட்டகத்தின் இரண்டு பகுதிகள் இரண்டு உயரத்தில் இருக்கும்போது லென்ஸ் ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்க முடியும். மென்பொருளில் எவ்வளவு ஷார்ப்பன் செய்தாலும் விட்டுப்போன பகுதி திரும்பி வராது.

மங்கலுக்குக் காரணம் ஸ்கேனா, படம் எடுத்த கேமரா லென்ஸா என்று பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஃபிலிமின் விளிம்பில் தயாரிப்பாளர் பதித்த எழுத்தும் சட்டக எண்ணும் இருக்கும். அவை கேமரா லென்ஸ் வழியாக வந்தவை அல்ல. அவை ஸ்கேனில் மங்கினால் குறை ஸ்கேனில்தான். ஹோல்டர் (ஸ்கேனரில் ஃபிலிமைப் பிடித்துவைக்கும் சட்டம்) விளிம்பை மறைத்தால், படத்தின் மேல் ஒட்டியிருக்கும் தூசியையும் கீறலையும் 100 சதவீதப் பெரிதாக்கத்தில் பாருங்கள். நடுவில் உள்ள தூசி கூராகவும் மூலையில் உள்ள தூசி பஞ்சுபோலவும் தெரிந்தால் ஃபிலிம் தட்டையாக இல்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கினால் ஃபிலிம் தட்டையாகவே இருக்கலாம், உயரம்தான் தவறு. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. வளைவை முதலில் தீர்த்துவிட்டுப் பிறகு உயரத்தைத் தேட வேண்டும். வளைந்த ஃபிலிமுக்குச் சரியான உயரம் என்று ஒன்று இருக்க முடியாது.

எந்தப் பக்கம் வளைகிறது?

ஃபிலிமில் இரண்டு அடுக்குகளை நினைவில் வையுங்கள். ஒன்று பிளாஸ்டிக் பேஸ். மற்றொன்று அதன்மேல் பூசிய ஜெலட்டின் எமல்ஷன். ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். பேஸ் அந்த அளவுக்குச் சுருங்காது. அதனால் காய்ந்த ஃபிலிம் எமல்ஷன் பக்கமாகக் குழியும். ஏசி அறையில் காலையில் சமர்த்தாகக் கிடந்த ஃபிலிம் மாலையில் வளைவதற்கு இதுவே காரணம். 120, ஷீட் ஃபிலிம் (தனித்தனித் தாளாக வருவது) வகைகள் பலவற்றில் இந்த இழுப்பைச் சமன்செய்யப் பேஸின் பின்புறமும் ஜெலட்டின் பூசியிருப்பார்கள். அப்படியிருந்தும் அகலவாக்கில் குழிவது 120-ல்தான் அதிகத் தொல்லை, ஏனென்றால் ஹோல்டர் பிடிக்காத நடுப்பகுதி அதில் மிக அகலம்.

இன்னொரு வளைவு நீளவாக்கில் வரும். ஸ்பூலிலோ கேசட்டிலோ மாதக்கணக்கில் சுருண்டு கிடந்த ஃபிலிமின் பேஸ் அந்தச் சுருளையே தன் வடிவமாக்கிக்கொள்ளும். இதை எதிர்த்திசையில் சுருட்டிப் போக்கலாம். அகலவாக்கில் வரும் குழிவுக்கு அந்த வித்தை பலிக்காது.

எமல்ஷன் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஃபிலிமைச் சாய்த்து விளக்கொளியில் பாருங்கள். பளபளப்பது பேஸ். சற்று மந்தமாக, படத்தின் மேடுபள்ளம் லேசாகத் தெரியும் பக்கம் எமல்ஷன். விளிம்பு எழுத்துகள் நேராக வாசிக்கும்படி தெரிந்தால் நீங்கள் பார்ப்பது பேஸ் பக்கம்.

பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஹோல்டருடன் வரும் கையேடு பளபளப்புப் பக்கத்தைக் கீழே வைக்கச் சொல்லும். அப்படி வைத்தால் படம் இடவலம் மாறாமல் வரும், உண்மைதான். ஆனால் குழிவு மேலே பார்க்க, ஃபிலிம் ஒரு தொட்டிபோல் நடுவில் கீழே தொங்கும். அதன்மேல் கண்ணாடி வைத்தாலும் பயனில்லை, கண்ணாடி ஓரத்தை மட்டுமே தொடும். ஃபிலிமைத் திருப்பி எமல்ஷனைக் கீழே வையுங்கள். இப்போது நாட்டு ஓட்டைக் கவிழ்த்ததுபோல் நடு மேலே எழும்பும். ஃபிலிமின் சொந்த எடையே அதைக் கொஞ்சம் இறக்கும். மேலே வைக்கும் கண்ணாடி மிச்சத்தை அழுத்தும். படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் வரும். ஸ்கேன் மென்பொருளில் மிரர் வசதியைப் போட்டுவிட்டால் போதும், தரம் துளியும் குறையாது. லேசான வளைவுள்ள ஃபிலிமுக்கு வேறு செலவே தேவைப்படாத அளவுக்கு இந்த ஒரு மாற்றம் உதவும்.

ஸ்கேனருக்குப் போகும் முன்

வீட்டில் ஃபிலிம் கழுவுபவர்கள் பாதி வேலையை உலர்த்தும்போதே முடித்துவிடலாம். கடைசி அலசலில் லிட்டருக்கு 5 மி.லி. ஃபோட்டோ-ஃப்ளோ (நீர்த்துளி தங்காமல் வழியச் செய்யும் திரவம்) கலந்து 30 விநாடி ஊறவிட்டுத் தொங்கவிடுங்கள். கீழ்முனையில் 50 முதல் 100 கிராம் எடையுள்ள கிளிப் மாட்டுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம். வேகமாகக் காய்ந்த எமல்ஷன் அதிகம் இழுக்கும். தூசியைக் கிளப்பும் கேடு வேறு.

காய்ந்த பிறகும் சுருள் மிச்சமிருந்தால், வெட்டுவதற்கு முன்பு 4 அல்லது 5 செ.மீ. விட்டமுள்ள சுத்தமான அட்டைக் குழாயில் எமல்ஷன் வெளியே இருக்கும்படி சுருட்டி, சுற்றிலும் வெள்ளைத் தாள் வைத்து, தாளின் மேல் ரப்பர் பேண்ட் போட்டு 12 முதல் 24 மணி நேரம் விடுங்கள். இதைவிடச் சிறிய குழாய் வேண்டாம். எதிர்ச்சுருள் விழுந்தால் அது புதுத் தொல்லை.

வெட்டிய துண்டுகளை உறையில் போட்டு, உறையைவிடப் பெரிய இரண்டு கெட்டிப் பலகைகளுக்கோ புத்தகங்களுக்கோ நடுவில் வைத்து 3 முதல் 5 கிலோ எடையில் இரண்டு மூன்று நாள் அழுத்தலாம். அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்ல பலன் தெரியும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அழுத்தி வைக்காதீர்கள். ஈரம் குடித்த ஜெலட்டின் வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது பளபளக்கும் திட்டுகள் விழும். அவை நிரந்தரம். பூஞ்சையும் அதே சூழலில்தான் பிடிக்கும்.

சூடு கொடுத்துத் தட்டையாக்கும் யோசனை எதையும் ஏற்காதீர்கள், அது இஸ்திரிப்பெட்டியானாலும் சரி, வெயிலானாலும் சரி. பேஸ் நெளிந்துவிட்டால் மீளாது.

கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பது

சாதாரணக் கண்ணாடியை ஃபிலிமின் பளபளப்புப் பக்கத்தில் வைத்தால் வானம் போன்ற வெளிர்ப் பகுதிகளில் வண்ண வளையங்கள் தோன்றும். கண்ணாடிக்கும் பேஸுக்கும் இடையில் ஒளியின் அலைநீளத்தை ஒத்த மிக மெல்லிய காற்றிடைவெளி உருவாகி, இரு பரப்புகளிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருபவை அவை. நியூட்டன் வளையம் என்று பெயர். ஃபோட்டோஷாப்பில் இவற்றை நீக்குவது பெரும்பாடு.

ஆன்டி-நியூட்டன் கண்ணாடியின் ஒரு பக்கத்தை அமிலத்தால் மிக நுண்மையாக அரித்திருப்பார்கள். அந்தச் சொரசொரப்பு ஃபிலிமை அங்கங்கே மட்டும் தொடுவதால் சீரான மெல்லிய இடைவெளி உருவாவதில்லை. அரித்த பக்கம் ஃபிலிமைத் தொட வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரிய, டியூப்லைட்டின் பிம்பத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பிம்பம் கலங்கித் தெரியும் பக்கம் அரித்த பக்கம். இந்தக் கண்ணாடி எப்போதும் ஃபிலிமுக்கு மேலே, அதாவது மூடியிலுள்ள விளக்கின் பக்கம் இருக்கட்டும். ஃபிலிமுக்கும் லென்ஸுக்கும் நடுவே வந்தால் அரிப்பின் புள்ளிகளே படத்தில் பதியக்கூடும்.

ஃபோட்டோ ஃபிரேம் கடைகளில் கிடைக்கும் நான்-கிளேர் கண்ணாடியும் இதே வகையில் செய்யப்படுவதுதான். விலை குறைவு. ஆனால் அரிப்பு கரடாக இருக்கலாம், சிலவற்றில் இரு பக்கமும் அரித்திருக்கும். ஒரு சிறு துண்டை வாங்கி, வெளிர்வானம் உள்ள சட்டகத்தில் சோதித்த பிறகு அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். 2 மி.மீ. தடிமன் போதும். நான்கு விளிம்பையும் கிரைண்டிங் செய்து வாங்குவது கட்டாயம், வெட்டிய விளிம்பு விரலையும் ஃபிலிமையும் கிழிக்கும்.

ஹோல்டருக்குள்ளேயே கண்ணாடியை இறக்க நினைத்தால், ஃபிலிம் உட்காரும் பள்ளத்தை அளந்து நீளம், அகலம் இரண்டிலும் ஒரு மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். வி800, வி850 ஹோல்டர்களில் இதற்கான அக்ரிலிக் தகடு உடன் வருகிறது. அக்ரிலிக் லேசானது, பிடிவாதமான 120 ஃபிலிமின் மேல் கண்ணாடியின் எடை நன்றாக வேலை செய்யும். 8×22 செ.மீ. அளவில் 2 மி.மீ. கண்ணாடி ஏறத்தாழ 88 கிராம் இருக்கும்.

கண்ணாடியின் அடியில் தொங்கவிடும் முறை

ஹோல்டர் இல்லாமலே செய்யும் இந்த அமைப்பைத்தான் 120 ஃபிலிமுக்கு நாங்கள் முதலில் சிபாரிசு செய்வோம். ஃபிலிமுக்குக் கீழே ஸ்கேனரின் சொந்தக் கண்ணாடி தவிர வேறொன்றும் இராது. தூசி உட்காரும் பரப்புகள் குறையும், உயரத்தையும் தாள் தாளாக மாற்றலாம்.

தேவையானவை: ஃபிலிம் துண்டைவிட நீளத்தில் 3 செ.மீ., அகலத்தில் 2 செ.மீ. கூடுதலான ஆன்டி-நியூட்டன் கண்ணாடி, பசை தங்காமல் உரியும் டேப், படம் ஒட்டும் மவுன்ட் போர்டு, 80 ஜிஎஸ்எம் தாள், ஊதுபந்து, பஞ்சிழை உதிராத துணி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். வி600-ல் ஃபிலிமுக்கான ஒளி ஸ்கேனர் படுகையின் நடுவில் ஒடுங்கிய பட்டையாகத்தான் விழும், அதிகபட்சம் 6×22 செ.மீ. படம்தான் எடுக்கலாம். தாங்கிகள் அந்தப் பட்டைக்கு வெளியே நிற்கும்படி கண்ணாடியின் அகலத்தை முடிவு செய்யுங்கள்.

1. கண்ணாடியின் இரு பக்கத்தையும் ஸ்கேனர் கண்ணாடியையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ஆல்கஹாலைத் துணியில் விடுங்கள், ஸ்கேனர் மேல் நேராக ஊற்றாதீர்கள்.

2. கண்ணாடியை அரித்த பக்கம் மேலே பார்க்க மேசையில் வைத்து ஊதுபந்தால் ஊதுங்கள். ஃபிலிமின் இரு பக்கமும் ஊதி, பளபளப்புப் பக்கம் கண்ணாடியைத் தொடும்படி கிடத்துங்கள். புடைத்த பக்கம் கண்ணாடியை நோக்கி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

3. ஒரு குறுகிய முனையை டேப்பால் ஒட்டுங்கள். டேப் படத்தின்மேல் ஏறக் கூடாது, வெற்று விளிம்பில் 3 மி.மீ. பிடித்தால் போதும். டேப்பின் நுனியை மடித்துவிட்டால் பிறகு உரிக்க எளிது.

4. மறுமுனையை விரலால் லேசாக இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். விறைப்பு வேண்டும், இழுவிசை வேண்டாம்.

5. கண்ணாடியைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் இன்னும் இடைவெளி தெரிந்தால் நீண்ட விளிம்புகளின் நடுவிலும் ஆளுக்கொரு சிறு டேப்.

6. மவுன்ட் போர்டில் நான்கு சிறு துண்டுகள் வெட்டி, அடுக்கித் தாங்கிகள் செய்யுங்கள். சாதாரண மவுன்ட் போர்டு 1.4 மி.மீ. இருக்கும், இரண்டு அடுக்கு 2.8, அதன்மேல் இரண்டு தாள் வைத்தால் 3 மி.மீ. தொடங்குவதற்கு இது நல்ல உயரம்.

7. கண்ணாடியைத் திருப்பி, ஃபிலிம் கீழே பார்க்கத் தாங்கிகளின் மேல் வையுங்கள். ஸ்கேனர் படுகையின் தலைப்பக்கத்தில் அளவுத்திருத்தத்துக்கான இடம் இருக்கிறது. அசல் ஹோல்டரின் தலைப்பில் திறந்த இடைவெளி விட்டிருப்பது அதற்காகத்தான். கண்ணாடியோ டேப்போ அந்த இடத்தை மறைத்தால் ஸ்கேன் நின்றுபோகும், அல்லது நீளவாக்கில் கோடுகள் விழும். அங்கே ஒரு தூசி இருந்தாலே ஒரு கோடு விழும்.

கண்ணாடி இரண்டுக்கும் நடுவே ஃபிலிமை வைக்கும் முறையும் உண்டு. கீழ்க்கண்ணாடி ஒளியின் பாதையில் வருவதால் ஃபோகஸ் தளம் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு மேலே நகரும். 2 மி.மீ. கண்ணாடி என்றால் ஃபிலிமை ஏறக்குறைய 0.7 மி.மீ. உயர்த்த வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் கண்ணாடியைப் பழிப்பவர்கள் நிறைய.

சரியான உயரத்தைக் கண்டுபிடிப்பது

இரண்டு ஸ்கேனர்கள் ஒரே மாடலாக இருந்தாலும் ஃபோகஸ் உயரம் சற்றே வேறுபடும். அடுத்தவர் சொன்ன எண்ணை அப்படியே எடுக்காமல் உங்கள் இயந்திரத்தில் அளந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும், மறுபடி செய்யத் தேவையும் இருக்காது.

கோடுகள் அச்சான நிறமற்ற 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று எடுங்கள். அச்சுப் பக்கம் கீழே பார்க்க, பூஜ்ய முனை ஸ்கேனர் கண்ணாடியைத் தொட, 15-ஆம் கோட்டுக்கு அடியில் 6 மி.மீ. உயரத்துக்குத் தாள் அடுக்கி வையுங்கள். 80 ஜிஎஸ்எம் தாள் 60 வைத்தால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். இப்போது ஸ்கேலின் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் உயரம் 1 மி.மீ. கூடுகிறது. ஷார்ப்பனிங், டிஜிட்டல் ஐஸ் (தூசி, கீறலைத் தானாக நீக்கும் வசதி) இரண்டையும் அணைத்து, ஃபிலிம் முறையில் 2400 டிபிஐ-ல் ஸ்கேன் செய்யுங்கள். கோடுகள் எந்த இடத்தில் மிகக் கூராக இருக்கின்றன என்று பாருங்கள். 7.2 செ.மீ.யில் என்றால் உயரம் சுமார் 2.9 மி.மீ.

அது தோராயம். இனி நல்ல ஃபிலிம் துண்டு ஒன்றை மேலே சொன்னபடி தொங்கவிட்டு, அந்த உயரத்துக்கு இருபுறமும் 0.2 மி.மீ. இடைவெளியில், அதாவது இரண்டிரண்டு தாளாக, ஐந்து ஸ்கேன் எடுங்கள். எக்ஸ்போஷர் தானியங்கியில் இருக்கக் கூடாது. ஐந்திலும் ஒரே பகுதியை வெட்டி, ஒரே தரத்தில் ஜேபெக்காகச் சேமித்துக் கோப்பின் அளவைப் பாருங்கள். நுண்விவரம் கூடினால் ஜேபெக் கோப்பு பெருக்கும். ஐந்தில் பெரியது எதுவோ அதுதான் பெரும்பாலும் மிகக் கூர்மையானது. கண்ணாலும் சரிபார்த்துவிட்டுத் தாங்கிகளைப் பசையால் நிலையாக ஒட்டிவிடுங்கள்.

அசல் ஹோல்டரையே பயன்படுத்துபவர்கள் வி700, வி750-ல் ஹோல்டரின் கால்களைத் திருப்பிப் பொருத்தியும், வி800, வி850-ல் நகரும் குமிழ்களாலும் உயரத்தை மாற்றலாம். வி600 ஹோல்டரில் அந்த வசதி இல்லை, அடியில் தாள் பட்டை ஒட்டி உயர்த்தலாம்.

வி700 முதல் வி850 வரையிலானவற்றில் இரண்டு லென்ஸ்கள் உள்ளன. ஹோல்டரில் வைத்த ஃபிலிமுக்கு 6400 டிபிஐ லென்ஸ், கண்ணாடியில் நேராகக் கிடக்கும் பொருளுக்கு 4800 டிபிஐ லென்ஸ். எப்சன் ஸ்கேன் மென்பொருளில் ‘ஃபிலிம் ஹோல்டர்’ என்பதற்குப் பதில் ‘ஃபிலிம் ஏரியா கைடு’ என்று தேர்ந்திருந்தால், அல்லது வியூஸ்கேன் மென்பொருளில் 8×10 முறையில் இருந்தால், கண்ணாடி மட்டத்து லென்ஸ்தான் வேலை செய்யும். மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் எவ்வளவு தட்டையாக வைத்தாலும் மங்கும். உயரச் சோதனையில் எந்த இடமும் கூர்மையாக வராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

35 மி.மீ. ஃபிலிம்

ஆறு சட்டகத் துண்டு சுமார் 23 செ.மீ. நீளம். இதில் அகலவாக்கு வளைவு குறைவு, நீளவாக்கில் வில்லாக வளைவதே அதிகம். ஹோல்டரின் குறுக்குச் சட்டங்கள் பெரும்பாலும் அதை அடக்கிவிடும். முதல், கடைசிச் சட்டகங்கள் மட்டும் மங்கினால், துண்டின் முனை தாழ்ப்பாளுக்கு வெளியே நிற்கிறதா என்று பாருங்கள். அப்போதும் அடங்காத ஒற்றைச் சட்டகத்தை, முக்கியமானதென்றால், ஆன்டி-நியூட்டன் கண்ணாடியுள்ள கெபே நிறுவன ஸ்லைடு மவுன்டில் (ஒற்றைச் சட்டகத்தைப் பிடிக்கும் சிறு சட்டம்) வைத்து ஸ்கேன் செய்யலாம். துண்டை வெட்ட வேண்டிவரும், அதனால் யோசித்துச் செய்யுங்கள்.

திரவத்தில் ஒட்டுவது

ஃபிலிமைக் கண்ணாடியில் திரவத்தால் ஒட்டினால் இடைவெளியே இராது. நியூட்டன் வளையம் மறையும், பேஸ் பக்கக் கீறல்கள் நிரம்பும், தட்டைத்தன்மைக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை. எப்சன் வி750 இதற்கான தட்டுடனே வந்தது. இதற்கென விற்கும் காமி போன்ற ஸ்கேனிங் திரவம் மட்டுமே பயன்படுத்துங்கள். தட்டின் கண்ணாடியில் சில துளி, அதன்மேல் ஃபிலிம், அதன்மேல் மீண்டும் சில துளி, மேலே மெல்லிய மைலார் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) தாள். ஒரு முனையிலிருந்து மெதுவாக இறக்கிக் குமிழிகளைத் துணியால் ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஸ்கேனரின் சொந்தக் கண்ணாடியில் ஊற்றினால் திரவம் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். ஆவி எளிதில் தீப்பிடிக்கும்: ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் தீ வேண்டாம். நூறு சட்டகத்துக்கு இந்த வேலை கட்டுப்படியாகாது. கீறிய, பெரிதாக அச்சிடப் போகும் ஒன்றிரண்டு சட்டகத்துக்குத் தாராளமாகச் செய்யலாம்.

பழைய நெகட்டிவ்கள்

புளித்த காடி வாசம் வீசும் ஃபிலிமில் அசிட்டேட் பேஸ் சிதையத் தொடங்கிவிட்டது. அது சுருங்கி நெளிந்திருக்கும், அழுத்தினால் உடையும். எதிர்ச்சுருட்டல், எடை எதுவும் வேண்டாம். கண்ணாடியின் சொந்த எடை தாங்குகிற அளவுக்கு மட்டும் இறக்கி, நடுவுக்கு ஒரு உயரம், ஓரத்துக்கு ஒரு உயரம் என இரண்டு ஸ்கேன் எடுத்து மென்பொருளில் சேர்ப்பது பாதுகாப்பான வழி. மற்ற ஃபிலிம்களிலிருந்து அதைப் பிரித்தும் வையுங்கள், அந்த அமில ஆவி பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். 1950-களுக்கு முந்தைய நெகட்டிவில் விளிம்பில் ‘சேஃப்டி’ என்ற எழுத்து இல்லையென்றால் அது நைட்ரேட்டாக இருக்கலாம்; ஈஸ்ட்மன் கோடக் 1951 வரை அதைத் தயாரித்தது. நைட்ரேட் பயங்கரமாக எரியும் பொருள். அதை விளக்குச் சூட்டில் வைக்காமல், ஆவணக் காப்பக வல்லுநரிடம் கொண்டுபோங்கள்.

கழற்றும்போது

ஸ்கேன் முடிந்ததும் ஃபிலிமைக் கண்ணாடியிலேயே இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள், ஈரம் ஏறினால் ஒட்டிக்கொள்ளும். டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், ஃபிலிமை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, டேப்பை அதன்மேலேயே பின்னுக்கு மடித்துப் படத்திலிருந்து விலகும் திசையில் மெதுவாக உரியுங்கள். பசை சிறிது தங்கினால் பேஸ் பக்கத்தில் மட்டும், ஆல்கஹால் லேசாகத் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, முழுதும் காய்ந்த பிறகு உறையில் போடுங்கள்.